முசிறிக்குச் சேறு அனுப்பியவர்கள்

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் உள்ள உறவு, காலை ஏழரை மணிக்குப் பைக்கில் வரும் மீன்கார இக்காவோடு முடிந்துவிடும். கொழிஞ்சாம்பாறை பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். நாலு எட்டு வைத்தால் பொள்ளாச்சிச் சாலை. ஊரில் பாதிப் பேருக்கு அலை என்பது டிவியில் பார்த்த சமாசாரம். ஆனாலும் கணவாய் மட்டும் எங்களுக்கு இரண்டு உண்டு: ஒன்று மேற்கு மலையில் இருக்கிறது, இன்னொன்று இக்காவின் ஐஸ் பெட்டியில் இருக்கிறது.

இந்த லட்சணத்தில் நான் இங்கே உரிமை கொண்டாடப் போவது ஒரு துறைமுகத்தை. முசிறி. உடனே திருச்சிப் பக்கத்து முசிறியை நினைத்து பஸ் ஏறிவிட வேண்டாம். அது காவிரிக்கரை முசிறி. அங்கே போனால் கப்பல் வராது, கரூர் பஸ்தான் வரும். நான் சொல்வது சேரனுடைய முசிறி. யவனர்கள் தங்கத்தோடு வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிய முசிறி.

துறைமுகம் என்றால் அது கடலோரத்தாருடைய சொத்து என்பது ஒரு மூடநம்பிக்கை. கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஏற்றுமதியான மிளகு மலைப்பக்கத்துச் சரக்கு. கப்பலை உள்ளே விட்ட ஆறு மலையாறு. கிழக்கத்திச் சரக்கு வந்த வழி எங்கள் கணவாய். கடைசியில் அந்தத் துறையை மூடிய சேறும் மலையிலிருந்து இறங்கியதுதான். துறைமுகம் செய்ததெல்லாம் நடுவில் நின்று கமிஷன் வாங்கியது.

என் அத்தை வாக்கப்பட்டது இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாற்றில். ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. ஆற்றில்தான் கோடையில் ஆறு இருக்காது. "இங்கிருந்து போற தண்ணியிலதான் சாமி அவங்களுக்குத் துறைமுகம்" என்பாள், கொச்சிக்காரர்கள் அவளுக்கு ஏதோ வாடகை பாக்கி வைத்திருப்பதுபோல. வரலாற்றறிஞர்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை அத்தை மிளகு காயப்போட்டுக்கொண்டே ஒரு வரியில் சொல்லிவிடுவாள்.

பெரியாறு சிவகிரி மலையில் பிறந்து 244 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு காலத்தில் கூட்டுக்குடும்பமாக இருந்தது, பிறகு பாகப்பிரிவினை. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, பொறியாளர் பென்னிகுயிக் ஒரு பங்கைக் கிழக்கே வைகைக்குத் திருப்பினார். குத்தகைக் காலம் 999 ஆண்டு. கையெழுத்துப் போட்ட இரு தரப்பும் முடிவு தேதியில் ஆஜராகப் போவதில்லை என்ற தைரியம். 1976இல் குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே நிற்கும் இடுக்கி வளைவு அணையை இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்தத் தண்ணீரை மூலமற்றம் மின்நிலையத்தில் இறக்கி, மின்சாரத்தைப் பிழிந்துகொண்டு, சக்கையைத் தொடுபுழை வழியாக மூவாற்றுப்புழையில் விட்டார்கள். இத்தனையும் போக மிஞ்சியது காலடி தாண்டி ஆலுவாவில் இரண்டு கையாகப் பிரிகிறது. ஒரு கை முனம்பத்தில் கடலைத் தொடும். மறு கை கொச்சிக் காயலில் நுழையும். இந்த இரண்டு கையையும் நினைவில் வையுங்கள். 1341இல் தேவைப்படும்.

மிளகுக்கு வருவோம். முசிறி பெரிய பேர் எடுப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மிளகு வெளிநாடு போய்விட்டது. எகிப்தின் இரண்டாம் ராம்செஸ் மன்னனின் மம்மியை ஆராய்ந்தபோது மூக்குத் துளையில் மிளகு இருந்தது. கி.மு. 1213இல் செத்தவர். உயிரோடு இருப்பவன் மூக்கில் மிளகு போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். செத்தவருக்கு அது தும்மல் கொடுக்கவில்லை என்பதைத் தவிர அந்தச் சடங்கால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கொடியின் முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு பார்வோன் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் கசக்கும்?

அடுத்து வந்தவர்கள் ரோமானியர்கள். இவர்கள் மூக்கை விட்டு வாய்க்கு வந்தார்கள். எகிப்திலிருந்து கிளம்பி, செங்கடலின் வாயைத் தாண்டி, தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்தால் 40 நாளில் முசிறி. இந்தக் காற்றை ஹிப்பாலஸ் என்ற கிரேக்கர் 'கண்டுபிடித்தார்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஜூன் மாதம் எங்கள் கணவாயில் நின்றால் வேட்டியைக் கையால் பிடித்துக்கொள்ளாத ஆண்பிள்ளை கிடையாது. அத்தனை பேரும் கண்டுபிடித்த காற்றுதான்.

மூத்த பிளினி என்று ஒரு ரோமானியப் பெரியவர் இருந்தார். உலகத்தில் உள்ள அத்தனையையும் எழுதிவைத்துவிட்டு, வெசூவியஸ் எரிமலை வெடித்ததைக் கிட்டப் போய்ப் பார்க்கக் கிளம்பி கி.பி. 79இல் இறந்துபோனவர். மிளகு மேல் அவருக்குத் தீராத கோபம். மற்ற பண்டம் இனிப்பாக இருக்கிறது என்று வாங்கலாம், பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கலாம். இந்த மிளகில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது, எவன் முதலில் தின்று பார்த்தான் என்று கேட்கிறார். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிவிடுகிறது என்று கணக்கும் கொடுக்கிறார். சம்பளக் கவரைப் பிரித்ததும் மளிகைக்கடைச் சீட்டை நீட்டும் வீட்டுக்காரம்மாவிடம் கணவன்மார் புலம்புவது இதே சுருதியில்தான். ரோம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. 408இல் அலாரிக் என்ற படைத்தலைவன் ரோம் நகரை முற்றுகையிட்டு, விலகிப் போவதற்குக் கேட்ட பட்டியலில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. ஊரைக் கொளுத்த வந்தவனும் ரசத்துக்குப் பொடி கேட்டிருக்கிறான்.

பிளினிக்கு முசிறி மேலும் நல்ல அபிப்பிராயம் இல்லை. பக்கத்திலேயே கடற்கொள்ளைக்காரர்கள், கப்பலில் வில்லாளிகளை ஏற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது, சரக்கும் பெரிதாக இல்லை, கப்பல் கரைக்கு வெகு தூரத்தில் நிற்கவேண்டியிருக்கிறது, எல்லாவற்றையும் சின்னப் படகில் ஏற்றி இறக்கவேண்டும் என்று ஒரே குறை. இன்றைக்கு இருந்தால் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருப்பார். ஆனால் அந்தக் குறைக்குள்ளேதான் நமக்கு வேண்டிய ஆள் உட்கார்ந்திருக்கிறான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அந்தச் சின்னப் படகைத் துழாவியவன். இன்னும் தெற்கே ஒரு துறைக்கு மிளகு ஒற்றை மரத்தைக் குடைந்த தோணியில் வருகிறது என்றும் பிளினி எழுதுகிறார். தோணியை எழுதியவர் தோணிக்காரனைப் பற்றி எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நாம் 2007 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அந்த ஆண்டு வடக்கன் பறவூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்ற கிராமத்தில் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் தோண்ட ஆரம்பித்தது. தென்னந்தோப்பு, கொல்லைப்புறம் எல்லாவற்றுக்கும் அடியில் ரோமானிய ஜாடிச் சில்லு, மணிகள், மிளகு. நீர்க்கரையை ஒட்டிக் கட்டிய செங்கல் துறைமேடை போன்ற ஒன்று. அதன் ஓரத்தில் ஆறு மீட்டர் நீளத்தில், ஆஞ்ஞிலி மரத்தைக் குடைந்த ஒற்றைமரத் தோணி. இரண்டாயிரம் ஆண்டு சேற்றுக்குள் கிடந்திருக்கிறது. காற்றுப்படாமல் மூடிப் பாதுகாத்தது எந்தச் சேறு என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

இதுதான் முசிறியா என்பதில் அறிஞர்களுக்குள் அடிதடி. பட்டணம்தான் என்று ஒரு கட்சி, கொடுங்கல்லூர்தான் என்று இன்னொரு கட்சி, தோண்டியவிதமே சரியில்லை என்று மூன்றாவது கட்சி. தமிழறிஞர்களுக்கு இது பழகிய விளையாட்டு. சேரனின் தலைநகர் வஞ்சி என்பது கரூரா, கொடுங்கல்லூரா என்று அவர்கள் ஒரு நூற்றாண்டு மோதிக்கொண்டார்கள். கொடுங்கல்லூர் மீனவரிடம் போய் வஞ்சி எங்கே என்று கேட்டிருந்தால் கரையில் கட்டிப்போட்டிருப்பதைக் கைகாட்டியிருப்பார். மலையாளத்தில் வஞ்சி என்றால் படகு.

முசிறியைப் பார்த்தே தீரவேண்டும் என்பவர்கள் வியன்னாவுக்கு டிக்கெட் எடுக்கலாம். அங்குள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பழைய ரோமானிய சாலை வரைபடத்தின் பிரதி இருக்கிறது. அதில் முசிறியும், பக்கத்தில் அகஸ்டஸ் பேரரசருக்கு ஒரு கோயிலும் காட்டியிருக்கிறார்கள். அதே நூலகத்தில் முசிறிக் கடன் பத்திரமும் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டு பாப்பிரஸ் தாள். முசிறி வியாபாரத்துக்கு வாங்கிய கடனுக்கு ஈடாகச் சரக்கை வைத்து எழுதிய ஒப்பந்தம். தாளின் பின்பக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: தந்தம், கங்கைக்கரைச் சடாமாஞ்சில். மொத்தம் ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். பணம் திரும்பவில்லை என்றால் சரக்கு கடன் கொடுத்தவருக்கு. சுங்கவரி நாலில் ஒரு பங்கு. கேரளத்தின் தெருவுக்குத் தெரு இருக்கும் நகைக்கடன் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பையனிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் மொழிபெயர்ப்பு இல்லாமலே படித்துவிடுவான்.

கங்கைக்கரைச் சடாமாஞ்சில் முசிறிக்கு எப்படி வந்தது? ஒன்று குமரிமுனையைச் சுற்றிக் கடல்வழியாக வந்திருக்கவேண்டும். இல்லை என்றால் கிழக்குக் கடற்கரையில் இறங்கி, காவிரி, கரூர், நொய்யல் கரைக் கொடுமணல் என்று மாட்டுவண்டியில் வந்து, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்திருக்கவேண்டும். கோவைப் பக்கம் வெள்ளலூரில் மண்ணுக்குள் ரோமானியக் காசுப் புதையல். இந்தப்பக்கம் திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் இன்னொரு புதையல். இரண்டுக்கும் நடுவே எங்கள் ஊர். எங்கள் முன்னோர் ஒரு காசைக்கூடத் தவறவிடவில்லை என்பதைப் பெருமையாகவும் எடுத்துக்கொள்ளலாம், வண்டி நிற்காமல் போய்விட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சங்கப் பாடல்களில் முசிறி வருமிடம் வேடிக்கையானது. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் என்ற புலவர் அகநானூற்றில் யவனக் கப்பல் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போவதைச் சொல்கிறார். எதற்காக? எவ்வளவு பெரிய செல்வம் கிடைத்தாலும் காதலியைப் பிரிந்து போகமாட்டேன் என்று ஒருவன் நெஞ்சோடு பேசுவதற்குத் துணையாக. பரணர் புறநானூற்றில் இன்னும் ஒருபடி மேலே. மீனைக் கொடுத்து நெல் வாங்கிக் குவிக்கிறார்கள், வீட்டில் மிளகு மூட்டை அடுக்கியிருக்கிறது, கப்பலில் வந்த பொன் கழித்தோணியில் கரைக்கு வருகிறது என்று துறைமுகத்தையே படம் பிடிக்கிறார். கடைசியில் பார்த்தால் அது பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சொல்லும் பதில்: முசிறி அளவுக்குச் செல்வத்தைக் கொட்டினாலும் தகுதியில்லாதவனுக்கு எங்கள் பெண்ணைத் தரமாட்டோம். உலகத்தின் பெரிய துறைமுகம் ஒன்று, இரண்டு புலவர்கள் கையில் கல்யாணப் பேச்சுக்கு உவமை ஆனது. பிளினியின் ஒற்றை நட்சத்திரத்தை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பரணர் காட்டும் அந்த மீன்-நெல் பண்டமாற்றில்தான் முசிறியின் உண்மையான வரவுசெலவு இருக்கிறது. பொன் யவனனிடமிருந்து அரசனுக்குப் போனது. மிளகு மலையிலிருந்து யவனனுக்குப் போனது. மீன்பிடித்தவன் வீட்டு அடுப்பு எரிந்தது நெல்லால்தான்.

பிறகு கொடுங்கல்லூருக்கு யார் யாரெல்லாம் வந்தார்கள் என்று பட்டியல் போட்டால் ஊர்வலம் நீளும். கி.பி. 52இல் தோமா வந்து இறங்கினார் என்பது கிறிஸ்தவர் மரபு. 629இல் சேரமான் பள்ளிவாசல் எழுந்தது என்பது முஸ்லிம்கள் மரபு. யூதர்களுக்கும் தங்கள் முதல் ஊர் அதுவே. மதுரையை எரித்துவிட்டுக் கண்ணகி வந்து அமர்ந்ததும் அங்கே என்பது நம் மரபு. அத்தனை பேரும் ஒரே துறையில் இறங்கியிருக்கிறார்கள். யாரிடமும் டிக்கெட் கேட்டதாகச் செய்தி இல்லை. கண்ணகி கோயிலில் பரணி விழாவுக்கு பாலக்காட்டுக் கிராமங்களிலிருந்து வாளும் சிலம்புமாக வெளிச்சப்பாடுகள் கிளம்புவார்கள். தமிழ்நாட்டில் பரணி என்றால் கலிங்கத்துப் போர். கொடுங்கல்லூரில் பரணி என்றால் கேட்கக்கூசும் பாட்டு. கொச்சியில் பரணி என்றால் ஊறுகாய் ஜாடி. மொழி ஒன்றாக இருந்த காலத்தில் ஒருவருக்கொருவர் எப்படிப் பேசிப் பிழைத்தார்களோ!

1341 வந்தது. மலையில் எவ்வளவு மழை பெய்தது என்று அளந்துவைத்தவர் இல்லை. பெரியாறு பெருகி, வழியில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு இறங்கி, கொடுங்கல்லூர் வாயில் கொட்டிவிட்டு, கொச்சிப் பக்கம் புதிய வாயைத் திறந்துகொண்டது என்பது வழிவழியாக வரும் கதை. நேரில் பார்த்தவன் எழுதிவைத்த ஓலை எதுவும் கைக்கு வரவில்லை. ஆனால் கொச்சிக்கு எதிரே வைப்பின் தீவில் 'புதுவைப்பு' ஆண்டு என்று 1341ஐ முதலாகக் கொண்டு காலம் எண்ணும் வழக்கம் இருந்தது. வைப்பு என்றால் ஆறு கொண்டுவந்து வைத்த மண். நம்மூர் வங்கியிலும் அதற்கு அதே பெயர். பெரியாறு போட்ட நிரந்தர வைப்புதான் வைப்பின் தீவு. அசல் அத்தையின் ஊர்ப் பக்கத்து மண். வட்டியை இன்றுவரை வைப்பின்காரர்கள் மீனாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நகரைப் பிடிக்கப் பாண்டியன் யானைப்படையோடு வந்தான், போர்த்துகீசியர் பீரங்கியோடு வந்தார்கள். முசிறியின் வாயை அடைக்க மலைக்கு ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது. துறைமுகம் போன பக்கம் அரசகுடும்பமும் போனது. 1405 வாக்கில் பெரும்படப்பு அரசர்கள் பெட்டிபடுக்கையோடு கொச்சிக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கொச்சிக்கு வந்த முதல் பெரிய விருந்தாளிகள் சீனர்கள். தளபதி செங் ஹேயின் மரக்கலங்களோடு வந்த மா ஹுவான் என்ற மொழிபெயர்ப்பாளர், கொச்சியில் பார்த்ததை எழுதிவைத்தார். இந்த நாட்டில் மிளகைத் தவிர வேறு விளைச்சல் இல்லை என்கிறார். சரி, போகட்டும். அடுத்துச் சொல்வதைத்தான் நிறுத்திப் படிக்கவேண்டும். மக்களில் ஐந்து வகை, கடைசி வகை முக்குவர். கடலோரத்தில் குடியிருப்பு. மீன்பிடிப்பதும் சுமை தூக்குவதும் தொழில். வீடு மூன்றடிக்கு மேல் உயரக்கூடாது, உயர்ந்தால் குற்றம். வழியில் மேல்சாதிக்காரரோ செட்டியோ வந்தால் மண்ணில் விழுந்து கிடக்கவேண்டும், அவர் கடந்த பிறகுதான் எழலாம்.

அதாவது பிளினி குறைபட்ட அந்தச் சின்னப் படகைத் துழாவியவனின் வாரிசு, ரோமும் போய் முசிறியும் போய், பிளினிக்குப் பிறகு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் கழிந்தும் ரோட்டோரத்தில் குப்புறக் கிடக்கிறான். கொச்சியின் பொற்காலம் என்று புத்தகம் எழுதுகிறவர்கள் அந்த மூன்றடிக் குடிசைக்குள் ஒருமுறை குனிந்து போய்விட்டு வந்து எழுதலாம்.

சீனர்கள் திரும்பிப்போகும்போது சீனப் பரணியையும் சீன வலையையும் விட்டுப் போனார்கள் என்பது கதை. வலையை மக்காவு வழியாகப் போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள் என்றும் ஒரு கட்சி உண்டு. யார் கொண்டுவந்தாலும், சோம்பேறித்தனத்தை இவ்வளவு பெரிய இயந்திரமாகக் கட்டியவர்கள் வேறு யாரும் இல்லை. கரையில் நட்ட மரச்சட்டத்தில் இருபது மீட்டர் அகல வலை தொங்கும். பின்னால் கயிற்றில் கோர்த்த பாறாங்கற்கள் எதிர்ப்பாரம். ஒருவர் கட்டை மேல் நடந்து போனால் போதும், அவருடைய எடைக்கு வலை தண்ணீரில் குனியும். கொஞ்ச நேரம் வெற்றிலை போடலாம். பிறகு நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தால் வலை மேலே வரும். மீனைத் தேடிப் போகவேண்டாம். மீன் தேடி வரும்வரை மூழ்கியிருந்தால் போதும். அரசாங்க அலுவலகத்தின் மூலப் படிவம் இதுதானோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். இப்போது வலையில் ஏறும் மீனைவிட, காசு கொடுத்துத் தாங்களும் கயிறு இழுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலாக்காரர்கள் கனமான பாடு.

போர்த்துகீசியர் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அவர்களே அதை மிக நீளமாகச் சொல்லிவிட்டார்கள். 1500 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கப்ரால் கொச்சிக்கு வந்தார். 1524 அதே நாள் வாஸ்கோ ட காமா கொச்சியில் இறந்தார். பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைத்து, 1539இல் எலும்பைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். கொச்சி ஏற்றுமதி செய்ததில் மிளகு அல்லாத அபூர்வச் சரக்கு அது. 1663இல் டச்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். மூவருமே மிளகு விலையைக் குறைத்துக் கேட்டார்கள் என்பதைத் தவிர மலைக்காரர்களுக்கு அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

ராபர்ட் பிரிஸ்டோ மட்டும் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. 1920இல் கொச்சிக்கு வந்த இந்த ஆங்கிலேயப் பொறியாளருக்கு விட்ட வேலை, துறைமுக வாயில் குறுக்கே படுத்திருக்கும் மணல்திட்டை அகற்றுவது. பெரிய கப்பல்கள் அதற்கு வெளியே கடலிலேயே நின்றன; சரக்கு சின்னப் படகில் வந்தது. பிளினி சொன்ன அதே குறை, அதே படகு, அதே முதுகு. பிரிஸ்டோ 450 அடி அகலத்துக்கு மூன்றரை மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினார். அள்ளிய மண்ணைக் காயலில் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கி, அதற்குச் சென்னை ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது.

ஒரு மலையின் மண் ஒரு துறைமுகத்தை மூடும், அதே மண்ணை அள்ளினால் இன்னொரு துறைமுகத்துக்குத் தீவு கிடைக்கும். இதற்கு எங்களுக்கு யாரும் ராயல்டி தரவில்லை. இன்றைக்கும் கொச்சித் துறைமுகம் ஆண்டு தவறாமல் தூர்வாருகிறது. நாங்களும் ஆண்டு தவறாமல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வைப்பின் பக்கம் பொக்காளி வயல் என்று ஒன்று உண்டு. பரணரின் பண்டமாற்றை ஒரே வரப்புக்குள் முடித்துவிட்ட வயல். மழைக்காலத்தில் ஆற்றுநீர் உப்பைக் கழுவியதும், உப்பைத் தாங்கும் பொக்காளி நெல். அறுவடை முடிந்ததும் கார்த்திகை வாக்கில் தூம்பைத் திறந்து காயல் நீரை உள்ளே விடுவார்கள். நீரோடு இறால் குஞ்சும் வந்து நெல்தாளைத் தின்று வளரும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இரவு விளக்கு வைத்து, நீர் இறங்கும்போது தூம்பில் வலைகட்டிப் பிடிப்பார்கள். நெல்லைக் கொடுத்து மீன் வாங்க யாரிடமும் போகவேண்டாம். உரம் வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நாம் விட்டுவைப்போமா? வீட்டுமனை போட்டும் வருடம் முழுக்க இறால் வளர்த்தும் பாதியைத் தின்றாகிவிட்டது.

2018 ஆகஸ்டில் மலை மறுபடியும் கீழே இறங்கியது. 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகுகளைத் திறந்தார்கள். மறுநாள் ஐந்து மதகும் மேலே. ஆலுவா, பறவூர், சேந்தமங்கலம் எல்லாம் தண்ணீரில். முசிறியைத் தோண்டிய அந்த வட்டாரம் மறுபடியும் அத்தையின் ஊர் நீருக்குள் போனது. 1341இல் என்ன நடந்திருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அந்த வாரம் மாடியில் உட்கார்ந்தபடி பதில் கிடைத்தது.

அப்போது கடலோரத்திலிருந்து வள்ளங்கள் வந்தன. கடல் வழியாக அல்ல, லாரியில். அறுநூறுக்கும் மேற்பட்ட வள்ளங்கள் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, மேடான ஊர்களை நோக்கிப் போயின. மதிற்சுவரில் மோதி அடிப்பாகம் கிழிய, மின்கம்பிக்குத் தலை குனிய, தெருவுக்குள் துடுப்புப் போட்டு ஆயிரக்கணக்கானவர்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். மலப்புறத்து மீனவர் ஒருவர், வயதான பெண்கள் படகில் ஏற உயரம் போதவில்லை என்று தண்ணீருக்குள் குப்புறக் குனிந்து முதுகைப் படிக்கட்டாக்கிய படம் உலகம் முழுக்கப் போனது. மா ஹுவான் பார்த்ததும் குப்புறக் கிடந்த மீனவனைத்தான். அன்றைக்கு அவனை விழவைத்தது சாதி. இன்றைக்குக் குனிந்தவர் தானாகக் குனிந்தார். அரசு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் டீசலும் தருவதாக அறிவித்தது. காசு வேண்டாம் என்று சொன்னவர்களும் அவர்களில் இருந்தார்கள். முசிறியின் இரண்டாயிரம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு பற்று வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த காலையில் இக்காவின் ஹாரன் கேட்டது. வழக்கமாக அவருடைய சரக்கு பொன்னானி அல்லது சாவக்காடு.

"இக்கா, மத்தி எங்கேருந்து?"

"முனம்பம், சேட்டா. நேத்து ராத்திரி இறங்கினது."

முனம்பம். பெரியாற்றின் ஒரு கை கடலைத் தொடும் இடம். முசிறியின் வாசல். ஒரு கிலோ வாங்கினேன். நெல் கொடுத்தால் வாங்குவாரா என்று விளையாட்டாகக் கேட்டதற்கு, ஜிபே போதும் என்றார். பரணர் இருந்தால் குறித்துக்கொண்டிருப்பார்.

மத்தியை வகுந்து, அத்தை போன மாதம் வண்டிப்பெரியாற்றிலிருந்து கொடுத்துவிட்ட மிளகை இடித்துத் தடவி, அடுப்பில் வைத்தாள் வீட்டுக்காரி. ஆற்றின் தலையும் வாலும் எங்கள் கணவாய் ஊரில் ஒரே சட்டியில் சேர்ந்து பொரிந்தன. நீங்கள் வாணலி என்று சொல்லும் அந்தச் சட்டிக்கு எங்கள் பக்கம் சீனச்சட்டி என்று பெயர்.